குறுக்கே கிடந்த குழாய்

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. ஆனாலும் வீட்டில் அவள் பெயர் பொடிசுதான். அண்ணன் வைத்த பெயர். அவள் பிறந்தபோது அவனுக்கு ஆறு வயது. துணியில் சுற்றிக் கிடந்ததை எட்டிப் பார்த்து "இவ்ளோதானா?" என்று கேட்டவன், அன்றிலிருந்து வேறு பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை. பிறகு அண்ணி வந்தாள். அவளுக்கும் பொடிசு பொடிசாகவே ஆனாள். கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் பொருத்துகிற வேலை அவளுக்கு. மயிரிழை கூடினால் லென்ஸில் விரிசல் விழுந்துவிடும், குறைந்தால் கழன்று விழும். அங்கே அவளை ஒருவரும் பொடிசு என்று சொல்லத் துணிந்ததில்லை.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிரித்தபோது, பொருந்தி வந்தது அவளுடையதுதான். அவள் அதிகம் யோசிக்கவில்லை. மழைக்குக் குடை இரவல் கொடுக்கிற மாதிரி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். இடது பக்கத்தில் ஒரு தழும்போடு எழுந்து வந்தாள். அண்ணன் முகத்தில் நிறம் திரும்பியது. மறுபடியும் தன் செல்போன் ரிப்பேர்க் கடையைத் திறந்தான். பதினான்கு மாதம் எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் அந்தச் சிறுநீரகமும் மெல்ல மெல்ல நின்றது. மூன்று மாதம் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்து பார்த்தார்கள். கடைசியில் ஒரு காய்ச்சல் வந்து, நான்கே நாளில் ஆளைக் கொண்டுபோய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டதும், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டதும், அண்ணியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் எல்லாம் பொடிசுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறாள் என்றார்கள் சில பேர். கல்நெஞ்சக்காரி என்று காதுபடவே சொன்னார்கள் சில பேர். நாளைக்கு வரும் என்று அவளும் காத்திருந்தாள். ஏழு மாதமாகியும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருப்பது தெரியும், ஆனால் கடித்துக்கொண்டால் வலிக்காது. அவளுக்கு ஆள் மொத்தமுமே அப்படி ஆகியிருந்தது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று அண்ணி கேட்டால், கொஞ்சம் பொறுத்து, இருக்கிறது என்பாள். சில நாள் அண்ணி உப்பே போட்டிருக்க மாட்டாள்.

வருடாந்தரப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உடம்பை அசைக்கச் சொன்னார். நடக்கலாம், சைக்கிள் விடலாம், இடி மட்டும் படக்கூடாது, இருப்பது ஒன்றே ஒன்று என்பதை மறக்கக்கூடாது என்றார். சொன்னதைச் செய்யலாம் என்று ஒரு பழைய சைக்கிள் கடைக்குப் போனாள். அங்கே அவள் உயரத்துக்குப் பொருந்தியது ஒரே ஒரு மவுண்டன் பைக்தான். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க். ஏறி உட்கார்ந்து பார்த்தாள், கால் எட்டியது. ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வேலைக்குப் போக ஒரு குறுக்குவழி உண்டு. கிடங்குகளின் பின்சுவரை ஒட்டி, கால்வாயோரமாகப் போகிற மண்பாதை. அதன் நடுவில் தொடை கனத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய் குறுக்கே கிடந்தது. தற்காலிகம் என்று சொல்லிப் போட்டது, நான்கு வருடமாகக் கிடக்கிறது. சைக்கிளில் வருகிற எல்லோரும் அங்கே இறங்கி, வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, மறுபடி ஏறிப் போவார்கள். அவளும் அப்படித்தான் இறங்கி ஏறிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை, குழாயின் இந்தப் பக்கம் அவள் இறங்கி நிற்கும்போது, எதிரே ஒரு கூரியர்காரி வந்தாள். முப்பதுக்குள் வயது, முதுகில் பெரிய சதுரப் பை. இறங்குவாள் என்று பொடிசு ஒதுங்கி வழிவிட்டாள். அவள் இறங்கவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. குழாய்க்கு ஒரு முழம் முன்னால் உடம்பைச் சுருக்கினாள், நிமிர்ந்தாள். முன்சக்கரம் எழுந்தது, பின்னாலேயே பின்சக்கரமும் எழுந்தது. வண்டியும் ஆளும் பையும் மொத்தமாகக் காற்றில் ஏறி, குழாயைத் தாண்டி, ஒரு சின்னச் சத்தத்தோடு இந்தப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

பொடிசுக்கு அடிவயிற்றில் ஏதோ எழும்பி விழுந்தது. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது வருமே, அது. ஒரு கணம்தான், உடனே போய்விட்டது. ஆனால் வந்தது வந்ததுதான். ஏழு மாதத்தில் அவளுக்குள் ஏதாவது அசைந்தது அதுதான் முதல் தடவை. கடைக்குப் போய் அன்று முழுக்க அவள் லென்ஸ் தேய்த்துக்கொண்டே அதைத் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

மறுநாள் அதே நேரத்துக்குப் போய்க் குழாயருகே நின்றாள். கூரியர்காரி தாண்டி இறங்கியதும், "அதை எப்படிம்மா பண்றே?" என்று கேட்டாள்.

கூரியர்காரிக்கு நிற்க நேரமில்லை. ஒரு காலை ஊன்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, பொடிசின் வண்டியையும் ஒரு தடவை பார்த்தாள். "இது பேரு பன்னி ஹாப்புக்கா. முதல்ல சீட்டை நல்லா கீழ இறக்குங்க. மிச்சம் நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் சீட்டை இறக்கிக்கொண்டிருந்தவளிடம் என்ன செய்கிறாய் என்று அண்ணி கேட்டாள். விஷயத்தைச் சொன்னாள். வீட்டிலேயே துணி திருத்தித் தைத்துக் கொடுக்கிற அண்ணி, வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "பன்னியா? பன்னி எங்கடி குதிக்கும்? சேத்துல புரளத்தான் செய்யும்" என்றாள். இங்கிலீஷில் அது முயல்குட்டியாம் என்று மறுநாள்தான் விளக்கம் கிடைத்தது. ஆனால் வீட்டில் அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. பொடிசு கொல்லைப்புறம் வண்டியைத் தள்ளினாலே, பன்னி கிளம்பிடுச்சு என்பாள் அண்ணி.

பாடம் தினம் ஒரு வாக்கியமாக வந்தது. கூரியர்காரி தாண்டி இறங்குவாள், ஒரு கால் ஊன்றுவாள், ஒன்று சொல்வாள், போய்விடுவாள். கையால் தூக்கக்கூடாது, கையை நீட்டி இடுப்பைப் பின்னால் தள்ளினால் முன்சக்கரம் தானாக வரும் என்றாள் ஒரு நாள். பின்பிரேக்கில் ஒரு விரல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மல்லாந்துவிடுவீர்கள் என்றாள் இன்னொரு நாள். அந்த எச்சரிக்கை ஒரு நாள் தாமதமாக வந்தது. பொடிசு அதற்கு முந்தின மாலையே கொல்லையில் மல்லாந்திருந்தாள். வானத்தைப் பார்த்தபடி கிடந்தவளை அண்ணி எட்டிப் பார்த்து, அடிபட்டதா என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள் பொடிசு. உண்மையாகவே தெரியவில்லை. முழங்கையில் ரத்தம் வந்த பிறகுதான் பட்டிருக்கிறது என்று புரிந்தது.

முன்சக்கரம் ஒரு வாரத்தில் வசப்பட்டது. பின்சக்கரம்தான் முரண்டு பிடித்தது. முன்னால் எழும்புகிற வண்டி, பின்னால் தரையோடு ஒட்டிக்கொண்டே வந்தது. எத்தனை எம்பினாலும் ஆள்தான் எழும்பினாள், சக்கரம் எழும்பவில்லை. இதைக் கூரியர்காரியிடம் சொன்னபோது அவள் வழக்கத்துக்கு மாறாக வண்டியை விட்டு இறங்கினாள்.

"செருப்புல சேறு ஒட்டிக்கிச்சுன்னா தரையில தேய்ச்சு வழிப்போமில்ல? காலைப் பின்னால இழுத்து? பெடலை அப்படித்தான் வாரணும். பாதம் கீழ்நோக்கி, பின்னால வழிச்சு மேல. வாரும்போது ஹேண்டிலை முன்னால தள்ளுங்க. பயப்படாதீங்க, வண்டி உங்களோடயே வரும்."

பயமெல்லாம் இல்லை என்றாள் பொடிசு. அது பெருமையில்லை. பயப்படத் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட அவளுக்கு ஒரு நினைப்பு இருந்தது.

கொல்லையில் முதலில் ஒரு விளக்குமாற்றைக் குறுக்கே போட்டாள். பிறகு செங்கல். பிறகு லென்ஸ் வருகிற அட்டைப்பெட்டி. அண்ணி படியில் உட்கார்ந்து துணிக்குக் காஜா எடுத்தபடியே, தாண்டினால் தலையசைப்பாள், பெட்டி நசுங்கினால் உதட்டைப் பிதுக்குவாள். அந்த ஏழு மாதமும் ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்களே தவிர, இப்படி ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. அண்ணன் பேச்சை எடுக்காமலிருக்க ஆளுக்கொரு அறையில் அடைந்து கிடந்தார்கள். இப்போது பேச அட்டைப்பெட்டி இருந்தது. ஒரு மாதத்தில் ஒன்பது பெட்டி நசுங்கியது. பத்தாவது பிழைத்தது.

பெட்டி பிழைத்த மறுநாள் காலை அவள் குழாயை நோக்கி நேராக விட்டாள். சுருங்கினாள், நிமிர்ந்தாள், முன்சக்கரம் குழாயைத் தாண்டியது. காலை வாரியதும் சரிதான். ஆனால் அரைக் கணம் பிந்திவிட்டது. பின்சக்கரம் குழாயில் இடித்தது, வண்டி முட்டுக்கால் போட்டது, அவள் ஹேண்டிலின் மேல் போய் விழுந்தாள். ஹேண்டில் நுனி வலது விலாவுக்குக் கீழே இறங்கியது. இருக்கிற ஒன்று இருக்கிற பக்கம்.

மூச்சு வரவில்லை. வந்தபோது எதிரே வந்த கூரியர்காரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒத்தைச் சிறுநீரகம் என்று பொடிசு சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள். ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டாள். பொடிசின் போனிலிருந்து அண்ணிக்கும் அவள்தான் பேசினாள்.

ஆஸ்பத்திரியில் சிறுநீரைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். ஸ்கேன் செய்தார்கள். முடிவுக்காக நீளமான ஒரு தாழ்வாரத்தில், தரையோடு பொருத்திய இரும்பு நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். அண்ணி கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே ஓடிவந்திருந்தாள். வந்தவள் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது என் தலையிலதான் விடியும்" என்றாள்.

வண்டியிலிருந்து விழுந்தது நான், உங்களுக்கு என்ன என்றாள் பொடிசு.

"விழுந்ததைச் சொல்லல." அண்ணி எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "அவர் மாத்திரையை ஒழுங்கா போடல பொடிசு. நீ கொடுத்ததை உடம்பு தள்ளாம இருக்கத் தினம் ரெண்டு வேளை போடணும்ல, அதை. வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள் விட்டுடுவார். எனக்குத் தெரியும். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

பொடிசு அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். தலையில் இடி விழுந்த மாதிரி இருக்க வேண்டும். இல்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு, சத்தம் வருகிறதா என்று காது கொடுத்து நிற்பது போலத்தான் இருந்தது. எத்தனை மாதமாக என்று கேட்டாள். அஞ்சாவது மாதத்திலிருந்து என்றாள் அண்ணி. அதற்குள் பெயரைக் கூப்பிட்டார்கள். ரத்தம் கட்டியிருக்கிறது, சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, மூன்று வாரம் வண்டியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். அதே பழைய டாக்டர்தான். உடம்பை அசைக்கச் சொன்னதற்கு இவ்வளவு கீழ்ப்படிவீர்கள் என்று நினைக்கவில்லை என்றார்.

ஒன்பது நாள் அவள் அண்ணியிடம் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சொல்ல எதுவும் இல்லாமல் போயிற்று. வேலைக்கு நடந்து போனாள். குழாயைக் காலால் தாண்டினாள். அஞ்சாவது மாதம் என்றால் என்ன மாதம் என்று விரல் விட்டுப் பார்த்தாள். அந்த மாதம் அவர்கள் மூவரும் சேர்ந்து அறைக்கு வெள்ளையடித்தார்கள். அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அங்கே விட்டுப்போச்சு, இங்கே விட்டுப்போச்சு என்று வேலை வாங்கினான். கையில் பிரஷ்ஷை வாங்கவே இல்லை. சோம்பேறி என்று அவள் சொன்னதற்குச் சிரித்தான்.

பத்தாவது நாள் காலை, அண்ணி தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே போய் உட்கார்ந்து, "ஏன் விட்டாரு?" என்று கேட்டாள்.

அண்ணி எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள். கேட்கமாட்டாளா என்று ஒன்பது நாளும் காத்திருந்தவள் போல, தயங்காமல் சொன்னாள்.

"கை நடுங்குச்சு. அந்த மாத்திரை போட்டா நடுங்கும்னு டாக்டரே சொன்னார். கண்ணுக்குத் தெரியாத பொடி சாமானை எல்லாம் போனுக்குள்ள ஈயம் வெச்சுப் பத்த வைக்கிற கை அது. ஒரு தடவை யாரோட போனையோ சுட்டுக் கெடுத்துட்டார். அன்னைக்குக் கடையை மூடிட்டு வந்து, சோத்துல கை வெக்காம உக்காந்திருந்தார். அப்புறம், நுணுக்கமான வேலை இருக்கற நாள்ல மட்டும் விட ஆரம்பிச்சார். டாக்டர்கிட்ட சொன்னா மாத்தித் தருவாங்கன்னு நான் கெஞ்சினேன். உன் கிட்னியை வாங்கிட்டு கை நடுங்குதுன்னு குறை சொல்றதான்னார். பொடிசு காதுல விழக்கூடாதுன்னார்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"யாரு, அவரா, நானா?"

"ரெண்டு பேரும்."

அண்ணி எண்ணெய்க் குப்பியை மறுபடி கையில் எடுத்தாள். பொடிசு எழுந்து வேலைக்குப் போனாள். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டின்போது, இன்றைக்குக் காரம் அதிகம் என்று சொன்னாள். அதிகம்தான் என்று ஒப்புக்கொண்டாள் அண்ணி. அத்தோடு பேச்சு மறுபடி ஒட்டிக்கொண்டது.

மூன்று வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பொடிசு வண்டிக்குக் காற்றடித்தபோது அண்ணி தடுக்கவில்லை. சோபா மெத்தையிலிருந்து வெட்டிய ஸ்பாஞ்சைத் துணிக்குள் வைத்துத் தைத்து, இடுப்பைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டை தயார் செய்திருந்தாள். வலது பக்கம் மட்டும் இரட்டை கனம். கட்டிவிட்டு, தானும் செருப்பை மாட்டிக்கொண்டாள். பார்க்காமலிருந்தால் இன்னும் பயமாக இருக்கிறது என்றாள்.

கிடங்குகளுக்கு விடுமுறை, பாதையில் ஈ காக்காய் இல்லை. முதல் தடவை குழாய்க்குப் பக்கத்தில் போனதும் பொடிசின் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. இது பயம் என்று கண்டுகொள்ள அவளுக்குச் சிறிது நேரம் ஆயிற்று. திரும்பப் போய், மறுபடி வந்தாள். மறுபடி பிரேக். மூன்றாவது தடவை, நான்காவது தடவையும் அப்படியே. அண்ணி கிடங்குச் சுவர் நிழலில் போய் நின்றுகொண்டாள். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, எண்ணுவதை அவள் விட்டுவிட்ட பிறகு, உடம்பு அவளைக் கேட்காமல் சுருங்கி நிமிர்ந்தது. கால் சேற்றை வழித்தது, கை ஹேண்டிலைத் தள்ளியது. கீழே குழாய் போவதைப் பார்த்தாள். இரண்டு சக்கரமும் அந்தப் பக்கம் மண்ணில் பட்டன.

திரும்பிப் பார்த்தால், அண்ணி ஒரு காலைத் தூக்கிச் செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா?"

"என்ன, தாண்டிட்டியா? ஐயோ, பாக்கலையே" என்றாள் அண்ணி. இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னாள். செய்து காட்டப் போனவள் குழாயில் பின்சக்கரத்தை இடித்து டியூபை வெடிக்கவைத்தாள். விழவில்லை. இறங்கி நின்று, தட்டையான டயரைப் பார்த்தாள்.

"மடையன்" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று அண்ணிக்கு முதலில் விளங்கவில்லை. சைக்கிள் கடைக்காரனை என்று நினைத்தாள்.

"கை நடுங்கினா நடுங்கட்டுமே. கடையை மூடிட்டு வீட்டுல உக்காந்திருந்தா யாரு கேக்கப் போறா? நான் சோறு போட மாட்டேனா? மடையன். என்னைக் கேட்டானா? என் வயித்தை அறுத்து எடுத்துக் கொடுத்ததை எனக்கே தெரியாம சாகடிச்சிருக்கான்."

குரல் கிடங்குச் சுவரில் பட்டுத் திரும்பியது. தன் குரல் இவ்வளவு பெரியது என்பது அவளுக்கே புதிதாக இருந்தது. அண்ணி பக்கத்தில் வந்து ஹேண்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக வண்டியைத் தள்ளினார்கள். கொஞ்ச தூரம் பொடிசு மட்டும்தான் வைதாள். பிறகு அண்ணியும் ஆரம்பித்தாள். பிடிவாதக்காரன் என்றாள். ஊருக்கெல்லாம் போனை ரிப்பேர் செய்துவிட்டுக் கட்டினவள் போனைக் கடைசிவரை சரிசெய்து தராதவன் என்றாள். சத்தியம் வாங்க வாய் கூசாதவன் என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே திட்டினாள். பொடிசுக்குக் கண்ணில் இன்னும் எதுவும் வரவில்லை. தொண்டை மட்டும் வலித்தது. நன்றாக, கூர்மையாக வலித்தது.

கால்வாய் திரும்புகிற இடத்தில் எதிரே வந்த ஒரு பெரியவர் நின்று, வீட்டு ஆம்பளையை இப்படித் தெருவில் வைத்துத் திட்டலாமா, வீட்டுக்குப் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொன்னார்.

"அங்க இல்லைங்க அவர்" என்றாள் அண்ணி.

பெரியவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, தலையை ஆட்டிக்கொண்டே போனார். பொடிசு வண்டியைத் தள்ளினாள். தட்டை டயர் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு வந்தது. மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் போடுகிறேன் என்று பதினோராவது மாதம் அவன் சொன்ன பொய் ஞாபகத்துக்கு வந்து, அவள் அதிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.